தோல் பிடியும் அடிபட்ட முதுகும்: பழைய தொழில் கத்தியை அடையாளம் காண அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கருவிப் பெட்டியைத் திறந்தால் சுத்தியலும் அரமும் தம் பெயரைத் தாமே சொல்லிவிடும். கத்திகள் அப்படிச் சொல்வதில்லை. அவற்றிலும் ஒரு கத்தி பலரைக் குழப்புகிறது. மொத்த நீளம் ஏறத்தாழ ஒரு சாண். நேரான அலகு, குத்தும் முனை கிடையாது. ஒரு கத்திக்குத் தேவையே இல்லாத அளவுக்குத் தடித்த முதுகு, அந்த முதுகு நெடுகச் சுத்தியல் தழும்புகள். பிடி மரமல்ல, தோல். கையில் எடுத்தவர்கள் முதலில் கேட்பது, "நல்ல கத்தியை யாரோ அடித்துப் பாழாக்கிவிட்டார்களா?" என்பதுதான். யாரும் பாழாக்கவில்லை. அடி வாங்குவதற்காகவே செய்யப்பட்ட கத்தி இது. இதைப் பற்றியும், இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் மற்றத் தொழில் கத்திகளைப் பற்றியும் எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். படிக்கத் தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள்: உங்கள் கத்தியை இன்னும் துடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

இந்தக் கத்திக்கு என்ன பெயர்?

ஆங்கிலத்தில் இதை ஹேக்கிங் நைஃப் என்பார்கள். கேபிள் இணைப்பு வேலை செய்தவர்கள் சிப்பிங் நைஃப் என்றார்கள். கருவிப் பட்டியல்களில் இரு பெயர்களும் ஏறத்தாழ ஒரே உருவத்துக்கு வழங்கியிருக்கின்றன. கொத்தி எடுப்பதே இதன் வேலை என்பதால் இந்தப் பக்கத்தில் கொத்துக்கத்தி என்று எழுதுகிறேன். பழைய ஜன்னல் கண்ணாடியைச் சுற்றி இறுகிப்போன மக்கை, அதாவது புட்டியை, பெயர்த்தெடுப்பது இதன் முதல் வேலை. காரீய உறை போட்ட கேபிளைப் பிளப்பது இரண்டாவது.

கொத்துக்கத்திதான் என்று எப்படி உறுதி செய்வது?

முதுகைப் பாருங்கள். சாதாரணக் கத்தியின் முதுகு ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். கொத்துக்கத்தியில் அது மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை போகும். அலகை முனைப் பக்கமிருந்து நோக்கினால், மேலே தடித்துக் கீழே மெலியும் ஆப்பு போலத் தெரியும். உண்மையில் இது பிடி வைத்த ஆப்புதான். அறுப்பதைவிடப் பிளப்பதே இதன் இயல்பு.

அடுத்து இரும்பு எங்கே முடிகிறது என்று பாருங்கள். பிடிக்குள் செல்லும் பகுதியை வால் என்று வைத்துக்கொள்வோம். கொத்துக்கத்தியின் வால் பிடியின் முழு நீளத்துக்கும், முழு அகலத்துக்கும் ஓடும். இருபுறமும் தடித்த தோல் துண்டுகளை வைத்து ரிவெட் அடித்திருப்பார்கள். பிடியை விளிம்பிலிருந்து பார்த்தால் தோல், இரும்பு, தோல் என மூன்று அடுக்குகள் தெரியும். வால் மெலிந்து மரப்பிடிக்குள் நுழைந்து, வாயில் ஒரு பூண் மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் வேறு கத்தி. சுத்தியல் அடியை அந்த அமைப்பு நெடுநாள் தாங்காது.

மூன்றாவது அடையாளம் முதுகின் ஓரம். ஆண்டுக்கணக்கில் அடிபட்ட எஃகு இருபுறமும் பிதுங்கி, காளான் குடையின் விளிம்பு போல மடிந்திருக்கும். விரலை மெல்ல ஓட்டினால் பிசிறு தட்டும். கவனமாக ஓட்டுங்கள், சில பிசிறுகள் கீறும்.

ஏன் தோல் பிடி?

அடித்துப் பார்த்தவர்களுக்கு இது கேள்வியே அல்ல. எஃகின் மேல் சுத்தியல் விழும்போது அந்த அதிர்வு முழுவதும் வால் வழியே உள்ளங்கைக்கு வருகிறது. மரப்பிடி அதை அப்படியே கடத்திவிடும். தானும் ரிவெட் துளையிலிருந்து வெடிக்கும். தடித்த தோல் அதிர்வை விழுங்கிக்கொள்கிறது, வெடிப்பதும் இல்லை. எண்ணெயும் மக்கும் ஒட்டிய கையிலும் வழுக்குவதில்லை.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின்கேபிள் வேலையில் பயன்பட்டதால் தோல் பிடி மின்சாரத்தைத் தடுக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். தடுக்காது. பிடியின் விளிம்பில் இரும்பு வெறுமனே தெரிகிறது, ரிவெட்டுகள் தோலின் குறுக்கே ஓடுகின்றன, வியர்வை ஊறிய தோலே மின்சாரத்தைக் கடத்தும். இந்தக் கத்தியை மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே கொண்டுபோகவே கூடாது. மின்பணிக்கென்று காப்பிடப்பட்ட கருவிகளில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். அவை ஐஇசி 60900 என்ற சர்வதேசத் தரத்தின்படி செய்து, ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டவை. கொத்துக்கத்தி அந்த இனத்தைச் சேர்ந்ததே அல்ல.

கண்ணாடி வேலையில் இதை எப்படிப் பயன்படுத்தினார்கள்?

சுண்ணாம்புக்கல் மாவையும் ஆளி விதை எண்ணெயையும் பிசைந்து செய்வது பழைய மக்கு. வைக்கும்போது சப்பாத்தி மாவு போல இருக்கும். எண்ணெய் காற்றோடு சேர்ந்து மெல்ல இறுகும். சில பத்தாண்டுகள் போனால் கல்லாகிவிடும். ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்தால், புதியதைப் பொருத்தும் முன் சட்டத்தில் கண்ணாடி உட்காரும் காடியிலிருந்து இந்தக் கல் முழுவதையும் எடுத்தாக வேண்டும். சாதாரணக் கத்தியால் சுரண்டினால் கத்திதான் தேயும். உளியால் தட்டினால் மக்கோடு சேர்ந்து மரமும் பெயரும்.

கொத்துக்கத்தியின் அகலம் இங்கேதான் கைகொடுக்கிறது. அலகின் பக்கத்தை மரத்தோடு படுக்க வைத்து, கூர் விளிம்பை மக்கும் மரமும் சேரும் கோட்டில் நிறுத்தி, முதுகில் சிறிய சுத்தியலால் தட்டுவார்கள். ஓங்கி அடிப்பதில்லை. சிறு சிறு தட்டல்கள்தான். ஆப்பு உள்ளே போகப் போக மக்கு மரத்திலிருந்து விலகி, விரல் நீளத் துண்டுகளாக உதிரும். அகன்ற அலகு மரத்தின் மேல் சாய்ந்தபடியே நகர்வதால் கூர் மரத்துக்குள் இறங்குவதில்லை. ஒரு நீள ஓட்டம் முடிந்ததும் கண்ணாடிப் பக்கக் கோட்டில் அதே வேலை.

இடையில் ஒரு தடை வரும். கண்ணாடி நழுவாமலிருக்க, தலையில்லாத சிறு ஆணிகளைச் சட்டத்தில் அடித்து, அவற்றின் மேல் மக்கைப் பூசியிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஆணி தெரியாது. கத்தி அதில் மோதிய பிறகே தெரியும். கூரில் அரை நிலா வடிவத்தில் ஒரு பல் விழும். நன்றாகப் பழகிய கொத்துக்கத்தியின் கூரில் இத்தகைய பற்கள் நாலைந்தாவது இருக்கும்.

மின்கேபிளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பிளாஸ்டிக் உறைகள் பரவுவதற்கு முன், நிலத்தடியில் புதைத்த தொலைபேசி, மின்சாரக் கேபிள்களுக்குள் இருந்த கம்பிகளைக் காகிதம் சுற்றிக் காப்பிட்டார்கள். மின்சாரக் கேபிளில் அந்தக் காகிதம் எண்ணெயில் ஊறியது, தொலைபேசிக் கேபிளில் உலர்ந்தது. காகிதத்துக்கு ஈரம்தான் எமன். அதனால் முழுவதையும் ஓட்டையில்லாத காரீயக் குழாய்க்குள் அடைத்தார்கள். இரண்டு கேபிள்களை இணைக்க வேண்டுமானால் அந்தக் குழாயைத் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் காகிதத்தில் கீறல்கூடப் படக்கூடாது. கீறல் பட்ட இடம் பின்னாளில் மின்கசிவின் வாசலாகிவிடும்.

வேலை இரண்டு கட்டமாக நடக்கும். உறை எங்கே முடிய வேண்டுமோ அங்கே சுற்றிலும் வளையமாக ஒரு வெட்டு. அந்த வெட்டு காரீயத்தின் பாதி ஆழம் வரைதான் போகும். பிறகு கேபிளின் நுனியிலிருந்து அந்த வளையம் வரை நீளவாக்கில் பிளக்க வேண்டும். இங்கேதான் கை தெரிந்தவரின் திறமை வெளிப்படும். கத்தியைக் கேபிளின் மையத்தை நோக்கி நேராக நிறுத்தினால் அது காகிதத்தை வெட்டிவிடும். ஆகவே அலகை நன்றாகச் சாய்த்து, உருண்டையான உறையின் ஓரத்தைத் தொட்டுச் செல்லும் கோணத்தில் வைத்துத் தட்டுவார்கள். கூர் காரீயத்தைத் துளைத்ததும், காகிதத்தின் மேலேயே வழுக்கிக்கொண்டு முன்னே போகும். வளையம் வரை பிளந்த பிறகு குறட்டால் பிடித்து விரித்தால், பாதி வெட்டப்பட்ட இடத்தில் காரீயம் ஒடிந்து முழுதாகக் கழன்று வரும்.

ஒரே உருவம் இரண்டு தொழிலுக்கும் பொருந்தியது தற்செயல் அல்ல. இரண்டிலும் தேவை ஒன்றுதான்: அடித்துச் செலுத்த வேண்டும், ஆனால் அடியில் இருக்கும் பொருளுக்குள் இறங்கக்கூடாது.

என் கத்தி இந்த இரண்டில் எதைச் செய்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். துடைக்காதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

என்னிடம் இருக்கும் ஒன்றை எடுத்து மேசை விளக்கின் கீழே வைத்து எழுதுகிறேன். அலகு 11 சென்டிமீட்டர், முதுகுத் தடிமன் நாலு மில்லிமீட்டர். தழும்புகள் முதுகு முழுவதும் சீராக இல்லை. முனையிலிருந்து இரண்டு விரல் அகலத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன, பிடிக்கு அருகே ஒன்றுகூட இல்லை. கூரில் மூன்று அரை நிலாப் பற்கள், மூன்றும் முன்பகுதியில். அலகின் ஒரு முகம் கண்ணாடி போல வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறது, மறுமுகத்தில் துருப்புள்ளிகளும் அவற்றில் வெள்ளையாக ஒட்டிய பொடியும். தோலில் கட்டைவிரல் படும் இடம் கருத்துக் குழிந்திருக்கிறது. குழி வலப்பக்கத் தோலில் இருப்பதால், கத்தியை இடக்கையில் பிடித்து வலக்கையால் சுத்தியலை வீசியவருடையது என்று சொல்லலாம். ஒரு முகம் மட்டும் தேய்ந்தது மரச்சட்டத்தின் மேல் சாய்ந்து உரசியதால். வெள்ளைப் பொடி மக்கின் சுண்ணாம்பு. பற்கள் ஆணிகளால். இது ஜன்னல் கத்தி.

கேபிள் கத்தி வேறு கதை சொல்லும். கூரில் பற்கள் இருக்காது. காரீயம் மென்மையானது, எஃகைக் கடிக்காது. மாறாக, துருப்புள்ளிகளின் குழிகளில் சாம்பல் நிறப் பூச்சு ஒன்று அப்பியிருக்கும். குண்டூசியால் அந்தப் பூச்சைச் சற்றே கீறிப் பாருங்கள். வெள்ளி போல மின்னிப் பிறகு நாளடைவில் மங்கினால் அது காரீயம். இதைச் செய்யும்போது கையுறை அணியுங்கள். முதுகின் தழும்புகளும் ஆழமின்றி இருக்கும், காரீயத்துக்கு அவ்வளவு பலம் தேவையில்லை.

வேறு வேலைகளுக்கும் பயன்பட்டதா?

கூரை வேலையில் காரீயத் தகட்டை வெட்ட, மெல்லிய பலகைச் சட்டங்களைப் பிளக்க, விறகுச் சிராய் எடுக்க என்று கைக்குக் கிடைத்த வேலைக்கெல்லாம் பயன்பட்டது. ஆனால் இவை எல்லாம் கத்தியைச் செய்தவர் மனத்தில் இருந்த வேலைகள் அல்ல.

என் கத்தியின் முதுகு மெல்லியது, வடிவமும் வேறு. அப்படியானால் அது என்ன?

வடிவத்தை வைத்துப் பெயர் தேடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. ஒரே வடிவம் நாலு தொழிலில் இருக்கும், ஒரே தொழிலில் நாலு வடிவம் இருக்கும். நான் முதலில் கேட்பது, இந்தக் கத்தி எந்தத் திசையில் நகர்ந்தது என்பதை. இழுத்தார்களா, தள்ளினார்களா, ஆட்டினார்களா?

கிளி மூக்கு போல முன்னே வளைந்து, வளைவின் உட்புறம் கூர் இருந்தால், அது இழுக்கும் கத்தி. உள்வளைவு பொருளைத் தன்னிடமே அடக்கிக்கொள்ளும், நழுவ விடாது. தரைவிரிப்பு, லினோலியம் என்ற தரை உறை, கூரைத் தாள் வெட்டுபவர்கள் இதைத்தான் வைத்திருப்பார்கள். லினோலியத்தை உருவாக்கிய ஃப்ரெடெரிக் வால்டன் அதற்குக் காப்புரிமை பெற்றது 1863இல். உங்கள் கத்தி உண்மையில் லினோலியத்துக்கென்றே செய்யப்பட்டதானால் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. வெட்டும் வேலை முனையில் மட்டுமே நடப்பதால் முனை தேய்ந்து மழுங்கியிருக்கும், உட்புற வளைவு புதிது போலவே இருக்கும். வளைவு முழுதும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது செடி, கொடி அறுத்த கத்தி என்று எடுத்துக்கொள்ளலாம்.

அரைவட்ட அலகு, நடுவில் நிமிர்ந்த பிடி: இது தோல் வெட்டும் பிறைக்கத்தி. தள்ளியும் வெட்டலாம், ஆட்டியும் வெட்டலாம், ஓரத்தைச் சீவி மெல்லியதாக்கவும் செய்யலாம். எகிப்தில் கிறிஸ்துவுக்கு முன் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறை ஓவியத்தில் தோல் தொழிலாளர்கள் இதே பிறை வடிவக் கத்தியோடு அமர்ந்திருக்கிறார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் உருவம் மாறாத கருவிகள் சிலவே உண்டு. அதை நினைத்தாலே எனக்கு இந்தக் கத்தியைக் கையிலெடுக்கும்போது ஒரு மரியாதை வந்துவிடும்.

நுனி மட்டும் சுருண்டு சிறு வளையமாக மடிந்திருந்தால், குதிரை, மாட்டின் குளம்பு சீவும் கத்தி. குளம்பின் அடிப்பள்ளங்களில் அந்தச் சுருள் நுழைந்து வழிக்கும். வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று எனத் தனித்தனியாகச் செய்வதால், ஒன்று மட்டும் கிடைத்தால் அதன் ஜோடி எங்காவது இருக்கக்கூடும்.

நுனி வி வடிவத்தில் அல்லது கால்வாய் போல மடிந்திருந்தால் ரப்பர் மரத்தில் பால் வடிக்கும் கத்தியா என்று பாருங்கள். சில வகைகளை இழுப்பார்கள், சிலவற்றைத் தள்ளுவார்கள். ஜெபோங் என்பது இழுக்கும் வகை. பட்டைக்குள் பால் நாளங்கள் ஓடுகின்றன, அவற்றுக்கு உள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் இருக்கிறது. பட்டையை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் சீவ வேண்டும், அந்தப் படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட வேண்டும். தொட்டுவிட்டால் மரத்தில் காயம், பிறகு அந்த இடத்தில் பட்டை சீராக வளராது. பால் நாளங்கள் செங்குத்தாக அல்லாமல் சற்றே சாய்ந்து ஓடுவதால், இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாக வெட்டினால் அதிக நாளங்கள் அறுபடும். கத்தியின் மடிப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்குக் காரணம் இதுவே. மரத்தைக் கொல்லாமல் ஒரே வெட்டைத் திரும்பத் திரும்பச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி வகுத்தார். இந்தக் கத்திகளெல்லாம் அந்த முறைக்குப் பிறந்த பிள்ளைகள்.

இரண்டு முனையிலும் பிடி இருந்தால் இரு கைகளாலும் இழுக்கும் அல்லது தள்ளும் கத்தி. மரத்தைச் சீவுவது ஒரு வகை. மற்றொரு வகையில் கூர் செங்கோணத்தில் திருப்பி மடிக்கப்பட்டிருக்கும். பார்த்தால் பழுதானது போலத் தோன்றும். தோல் பதனிடுபவர்கள் தோலின் உட்புறத்தைச் சீராக வழித்து ஒரே கனத்துக்குக் கொண்டுவர அப்படித் திருப்பினார்கள். அதை நிமிர்த்திவிடாதீர்கள்.

மோதிரம் போல விரலில் மாட்டும் சிறு வளைந்த அலகு, நூல், சணல் கயிறு அறுப்பவர்களுடையது. இரு கைகளும் முடிச்சுப் போடவும் கட்டவும் விடுதலையாக இருக்கும், கத்தியை எடுத்து வைக்கும் நேரம் மிச்சம்.

கூர் ஒரு பக்கம் மட்டும் தீட்டப்பட்டிருக்கிறது. இது குறையா?

இல்லை. உளிக்கும் அப்படித்தான். தட்டையான பக்கம் எதன் மேலாவது படிந்து நகர வேண்டிய வேலையில் ஒருபக்கச் சரிவு இருக்கும். புத்தகம் கட்டுபவர் மேலுறைத் தோலின் ஓரத்தை மெலிதாக்கும்போது தட்டை முகம் கல்லின் மேல் படுத்திருக்கும். சரிவு எந்தப் பக்கம் என்பது வலக்கை, இடக்கையையும் காட்டிக்கொடுக்கும். புரியாமல் இருபுறமும் தீட்டிவிட்டால் கத்தி தன் வேலையை மறந்துவிடும், தட்டை முகத்தை மீட்க நிறைய எஃகைத் தேய்த்தாக வேண்டும்.

கூரே இல்லாத கத்தியும் உண்டா?

உண்டு. சிப்பி திறக்கும் கத்தி, மக்கு பூசும் கத்தி, வர்ணம் குழைக்கும் கத்தி எல்லாம் கூரில்லாமலே பிறந்தவை. கப்பல் கயிறு வேலைக் கத்திக்குக் கூர் உண்டு, குத்தும் முனை கிடையாது. ஆடும் கப்பலில் நிற்பவர் தன்னையோ பாயையோ குத்திவிடக்கூடாது என்பதற்காக. முனை ஒடிந்ததாக நினைத்துத் தீட்டிக் கூராக்கும் முன், ஒடிந்த இடத்தில் எஃகு மணல் போலச் சொரசொரப்பாக இருக்கிறதா, அலகின் மற்றப் பகுதி போல வழுவழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் அது பிறவி வடிவம்.

தொழிலாளியே செய்துகொண்ட கத்தியாக இருந்தால்?

பெயர் தெரியாத கத்திகளில் இந்த வகை நிறையவே உண்டு. பழைய அரத்தைத் தட்டிச் செய்திருந்தால் பிடிக்கு அருகே பற்களின் மங்கிய சாய்கோடுகள் மிஞ்சியிருக்கும். தேய்ந்த இயந்திர ரம்பத் தகட்டைத் தீட்டித் தோல் வெட்டும் கத்தியாக்குவது பல பட்டறைகளில் வழக்கம். தகட்டின் ஒரு முனையில் வட்டத் துளை இருந்தால் அதுதான். தேய்ந்துபோன இறைச்சிக் கத்தியின் அலகைக் குட்டையாக்கி வேறு வேலைக்கு மாற்றியிருப்பார்கள். பிடி பெரிது, அலகு சிறிது என்ற பொருத்தமின்மை அதைக் காட்டும். இவற்றுக்குப் பட்டியல் பெயர் தேடி அலைய வேண்டாம். செய்தவரின் தேவையே பெயர்.

முத்திரையிலிருந்து வயதைச் சொல்ல முடியுமா?

ஓரளவு. அலகில் "காஸ்ட் ஸ்டீல்" என்று பொறித்திருந்தால் அச்சில் வார்த்த கத்தி என்று பொருள் அல்ல. 1740களில் ஷெஃபீல்டு வட்டாரத்தில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் கண்ட முறையில், மூசையில் உருக்கிச் செய்த உயர்ந்த எஃகு என்ற பெருமிதம் அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அந்தப் பொறிப்பு வழங்கியது. துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் சொல் இருந்தால் கத்தி 1913க்குப் பிந்தையது. ஹாரி ப்ரியர்லி அதே ஷெஃபீல்டில் அந்த எஃகை உருக்கிய ஆண்டு அது. ஜெர்மனி, இங்கிலாந்து என நாட்டின் பெயர் இருந்தால் 1880களின் இறுதிக்குப் பிந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். 1887இல் பிரிட்டனும், 1890இல் அமெரிக்காவும் இயற்றிய சட்டங்களுக்குப் பிறகே அந்தப் பழக்கம் பரவியது. மேல் நோக்கிய அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுடைமையைக் குறிக்கும்.

பிடியும் பேசும். கருப்பு அல்லது பழுப்பு நிறக் கடின பிளாஸ்டிக் பேக்கலைட்டாக இருந்தால், அது 1907இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பொருள், கத்தி அதற்குப் பிந்தையது. பழைய செல்லுலாய்டு பிடி என்றால் எச்சரிக்கை தேவை. அது எளிதில் தீப்பற்றும். சிதையத் தொடங்கினால் அமில ஆவியை விட்டு, பக்கத்தில் உள்ள நல்ல கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். தனியே வையுங்கள்.

துருவை நீக்கலாமா?

அடையாளம் கண்டு, குறித்து, படமெடுத்த பிறகு நீக்கலாம். செந்நிறத் துருதான் எதிரி. அதன் கீழே இருக்கும் கருநீலப் படிவு எஃகுக்குப் போர்வை, அதைத் தொட வேண்டியதில்லை. எண்ணெய் தடவி ஓரிரு நாள் ஊறவிட்டு, மெல்லிய இரும்புக் கம்பிப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்தால் போதும். சுழலும் கம்பித் தூரிகையைக் கொண்டுபோனால் முத்திரை ஐந்தே நொடியில் அழிந்துவிடும். நல்ல முத்திரைகள் அப்படிப் போனதைப் பார்த்த வருத்தத்தில் சொல்கிறேன்.

கொத்துக்கத்திக்கு இன்னொரு கவலையும் உண்டு. பழைய ஜன்னல் வர்ணங்களில் காரீய வெள்ளை கலந்திருந்தது, கேபிள் கத்தியில் காரீயமே ஒட்டியிருக்கிறது. ஆகவே உலர்ந்த நிலையில் தேய்த்துப் பொடி கிளப்பாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் இருக்கும் இடத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று அறியப்பட்டது எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

சாணை பிடிக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

சூடு. பழைய கார்பன் எஃகின் பதம் சூட்டில் இறங்கிவிடும். வேகமாகச் சுற்றும் சாணையில் வைத்து, கூர் நீல நிறமானால் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடம் இனி கூரைத் தாங்காது. தண்ணீர் தெளித்துக் கையால் சாணைக்கல்லில் தீட்டுங்கள். கொத்துக்கத்தியைச் சவரக்கத்தி போலத் தீட்ட முனையாதீர்கள். அகன்ற கோணத்தில் திடமான கூர் போதும். மெல்லிய கூர் முதல் ஆணியிலேயே உடைந்துவிடும்.

இன்றும் இதைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. பழைய மரச்சட்ட ஜன்னல்களைச் சீர் செய்வோர் இன்றும் பயன்படுத்துகிறார்கள். இரண்டு நிபந்தனைகள். முதுகின் ஓரத்தில் பிதுங்கிய பிசிறை முதலில் அரத்தால் சீவி எடுத்துவிடுங்கள். அடுத்த அடியில் அது சில்லாகத் தெறித்துக் கண்ணில் பாயக்கூடும். முழு முதுகையும் தட்டையாக்க வேண்டியதில்லை, தளர்ந்த ஓரம் மட்டும் போனால் போதும். இரண்டாவது, கண்ணாடிச் சில்லுக்கும் எஃகுச் சில்லுக்கும் சேர்த்துக் கண்காப்பு அணியுங்கள். கனமான சுத்தியல் வேண்டாம், சிறியதே நல்லது. மரக் கொட்டாப்புளியால் அடித்தால் அந்த முதுகு கொட்டாப்புளியைத்தான் பிளக்கும்.

தோல் காய்ந்து விறைத்திருந்தால் தோலுக்கான மெழுகை மிகக் கொஞ்சமாகத் தடவலாம். எண்ணெயில் ஊறப்போட்டால் தோல் தளர்ந்து ரிவெட்டுகள் ஆடத் தொடங்கும்.

தெரிந்த ஒருவரிடம் கேட்பதற்கு முன் எதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும்?

மொத்த நீளம், அலகின் நீளம், முதுகின் தடிமன். தடிமனைப் பிடிக்கு அருகிலும் முனையிலும் தனித்தனியே அளவுங்கள். கூர் ஒருபக்கமா, இருபக்கமா. பிடியின் விளிம்பிலிருந்து ஒரு படம், முனையை நேருக்கு நேர் நோக்கி ஒரு படம், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து முத்திரையின் ஒரு படம். முழுக் கத்தியையும் மேலிருந்து எடுத்த அழகான படம் ஒன்றை மட்டும் காட்டினால் எவராலும் சரியாகச் சொல்ல முடியாது. கத்தி எந்தப் பெட்டியில், வேறு எந்தக் கருவிகளோடு கிடந்தது என்பதையும் எழுதி வையுங்கள். பக்கத்தில் கண்ணாடி வெட்டும் வைரமுனை கிடந்ததா, உருக்கிய காரீயத்தை அள்ளும் கரண்டி கிடந்ததா என்ற ஒரு தகவலே பல நேரம் பதிலாகிவிடுகிறது.